வேடமும் அடைக்கலமும்

நாடக மேடையிலோ வெள்ளித்திரையிலோ ஒருவர் வேடம் புனைகின்றார். அவ்வேடம் ஓர் ஆசிரியனின் கற்பனையில் பிறந்த மாந்தனுடையதாயின், அவனை எவ்வாறு நடித்துக் காட்டினாலும் கேட்பாரில்லை. கற்பனை மாந்தனுக்குப் பெற்றோர் இல்லை. மனைவி மக்கள் இல்லை. நினைவு நாளும் இல்லை. தன்னைத் தவறாகக் காட்டிவிட்டார்களே என்று அவன் நெஞ்சு நோவதும் இல்லை. ஆனால் அவ்வேடம் இம்மண்ணில் பிறந்து, உழைத்து, துன்புற்று மறைந்த ஒருவருடையதாயின் நிலைமை வேறாகிவிடுகின்றது. அவர் வாழ்க்கை யாருடைய உடைமை? அதனைச் சில நாழிகைக்கு இரவல் பெறும் நடிகர் யாருக்குக் கடமைப்பட்டவர்? படம் எடுப்பவருக்கா, பார்ப்பவருக்கா, தம் கலைக்கா, அன்றி மறுமொழி சொல்ல வாயிழந்துபோன அந்த ஒருவருக்கா? நடிகரின் அர்ப்பணிப்பு என்று நாம் ஓயாது புகழ்கின்றோமே, அந்த அர்ப்பணிப்பு எதற்குச் செய்யப்படுவது?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இது வீட்டுக் கேள்வி. வ.உ. சிதம்பரனார் என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் எழும் முகம் சிவாஜி கணேசனுடையது. பாரதியார் என்றதும் நம்மில் பலருக்கு எஸ்.வி. சுப்பையா கண்முன் வந்து நிற்கின்றார். உலகின் பல நாடுகளில் காந்தியடிகள் என்றால் பென் கிங்ஸ்லி என்னும் ஆங்கில நடிகரின் உருவமே தோன்றுகின்றது. ஓர் இனத்தின் நினைவையே ஒரு மனிதரின் முகத்தில் ஒப்படைத்துவிடுகின்றோம். அங்ஙனம் ஒப்படைக்கப்பட்டவரின் அறம் யாது என்று ஆராய்வது நம் கடனாகும்.

தமிழ் மரபில் இதற்கு ஒரு நல்ல தொடக்கம் உண்டு. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதனை எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். மெய் என்னும் சொல் நம் மொழியில் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். நடிகர் தம் உடம்பாகிய மெய்யைக் கொண்டு பிறிதொருவரின் உண்மையாகிய மெய்யைக் காட்ட முயல்கின்றார். இவ்விரண்டில் எதற்கு அவர் தம்மை அர்ப்பணிக்கின்றார் என்பதைப் பொறுத்தே அவர் செயலின் தகுதி அமைகின்றது.

உடம்பை வருத்தும் தவம்

முதலில் உடம்பைக் காண்போம். மக்கள் வியப்பதும் பத்திரிகைகள் எழுதுவதும் பெரும்பாலும் இதனைப் பற்றியே. அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டாவின் வாழ்க்கையைக் கூறும் 'ரேஜிங் புல்' என்னும் படம் 1980இல் வெளிவந்தது. அதில் லமோட்டாவாக நடித்த ராபர்ட் டி நீரோ, முதலில் அவரிடமே குத்துச்சண்டை பயின்று இளமைக் காலத்து வீரராக உடம்பை முறுக்கேற்றிக்கொண்டார். பின்னர்ப் படப்பிடிப்பைச் சில மாதங்கள் நிறுத்திவைத்துவிட்டு, உண்டு உண்டு ஏறத்தாழ 27 கிலோ எடை கூடி, வீழ்ச்சியுற்ற காலத்து லமோட்டாவாகத் திரும்பி வந்தார். மூச்சு வாங்கும் அந்தப் பருத்த உடம்பு ஒப்பனையன்று; உண்மை.

'காந்தி' திரைப்படத்தில் (1982) அடிகளாக நடித்த பென் கிங்ஸ்லியின் முயற்சியும் இத்தகையதே. கிருஷ்ணா பாஞ்சி என்னும் இயற்பெயருடைய அவர், குஜராத்திய வழித்தோன்றலான தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். உடல் எடையைக் குறைத்து, யோகம் பயின்று, இராட்டையில் நூல் நூற்கக் கற்றுக்கொண்ட பிறகே அவர் அப்பாத்திரத்தை ஏற்றார். நூற்பதுபோல் கையை அசைத்திருந்தாலும் படம் நகர்ந்திருக்கும். ஆயினும் இழை அறுபட்டால் மீண்டும் இணைக்கும் பொறுமை, கண்ணும் கையும் ஒன்றி நிற்கும் அமைதி, இவை பாவனையில் வருவன அல்ல. நூற்கக் கற்றபோது அவர் கற்றது காந்தியடிகளின் ஒரு நாளில் ஒரு பகுதியை.

இவற்றை நாம் மதிக்கவே வேண்டும். எனினும் உடம்பை வருத்துவதே அர்ப்பணிப்பின் அளவுகோல் என்று கொண்டால் பெரும்பிழை நேரும். சிற்பி உளியைத் தீட்டுவது தேவையே. உளியின் கூர்மையைக் கண்டு நாம் கோயிலுக்குப் போவதில்லை. இத்தனை கிலோ கூடினார், இத்தனை கிலோ குறைந்தார் என்னும் பேச்சில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது. யாருடைய வாழ்க்கையைக் காட்ட வேண்டி அவர் துன்புற்றாரோ அவரை மறந்து, நடிகர் பட்ட துன்பத்தையே நாம் எண்ணத் தொடங்கிவிடுகின்றோம். சிறையில் ஒருவர் வாடிய வாட்டம் பின்னே போய், அதை நடிக்க மற்றொருவர் உண்ணாதிருந்த பெருமை முன்னே வந்து நிற்கின்றது. அப்போது அர்ப்பணிப்பு என்பது நடிகர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் அர்ச்சனையாகிவிடும்.

கப்பலோட்டிய தமிழர்

இதற்கு மாறான ஒரு சான்று நம்மவரிடமே உண்டு. ம.பொ. சிவஞானம் எழுதிய வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' 1961ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது சிவாஜி கணேசனுக்கு வயது முப்பத்து மூன்று. தமிழ்த் திரையில் அவருக்கு நிகராக வசனம் பேச வல்லார் இல்லை என்னும் புகழ் உச்சியில் இருந்த காலம் அது.

அவர் ஏற்ற வாழ்க்கை எத்தகையது என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனார் வழக்கறிஞராக விளங்கியவர். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்து, ஆங்கிலேயரின் கப்பல் வாணிகத்துக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். 1908இன் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கைதானார். ஜூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்குமாறு, ஆக நாற்பது ஆண்டுகள், தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அந்த வழக்கறிஞர் இழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலை பெற்றபோது கப்பல் நிறுவனம் இல்லை. வழக்குரைக்கும் உரிமையும் இல்லை. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை மீண்டது. அந்நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் அப்பெருந்தகை. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்த கை, நன்மை செய்த ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டியது! 1936 நவம்பர் 18இல் அவர் மறையும்வரை வறுமை அவரை விட்டு நீங்கவில்லை.

இவ்வாழ்க்கையில் ஒரு நடிகருக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, மேடை முழக்கம். சிதம்பரனார் சிறந்த பேச்சாளர். சிவாஜியோ சிம்மக் குரலோர். அவ்வழியே சென்றிருந்தால் கைதட்டல் குறைவின்றிக் கிடைத்திருக்கும். மற்றொன்று, முழங்கிய மனிதர் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போன கதை. சிவாஜி படத்தின் பிற்பகுதியில் இந்த இரண்டாம் வழியையே மேற்கொண்டார். செக்கடியில் தளர்ந்த தோள், தேய்ந்த குரல், சிறைவாயிலில் தம்மை வரவேற்கப் பெருங்கூட்டம் காத்திருக்கும் என்று எண்ணி வந்தவரின் கண்கள், அங்கே ஊரைக் காணாமல், தொழுநோயால் உருக்குலைந்த தோழர் சுப்பிரமணிய சிவாவைக் காணும் அந்தக் கணம். தமக்குப் பெரும்புகழ் தந்த ஆற்றலை அங்கே அவர் அடக்கி வைத்தார். தம்மிடம் உள்ளதை எல்லாம் கொட்டுவது எளிது. ஏற்ற வாழ்க்கைக்கு வேண்டாததைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வதன்றோ அரிது!

சிதம்பரனாரின் புதல்வர் இப்படத்தைக் கண்டு, தம் தந்தையாரையே நேரில் கண்டது போன்றிருந்தது என்று கூறியதைத் தமக்குக் கிடைத்த பெரும் விருதாகச் சிவாஜி போற்றிவந்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. கலையறிந்த பெரியோர் பாராட்டியதை விட, படத்தில் இருப்பவரின் வீட்டைச் சேர்ந்தவர் ஏற்றுக்கொண்டதே நடிகருக்கு நிறைவளித்தது. உரியவரிடம் கணக்கு ஒப்படைத்து, சரி என்னும் சொல்லைப் பெற்றவரின் நிறைவு அது.

இப்படத்தில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. கணேசனுக்குச் சிவாஜி என்னும் பெயர் வந்தது, அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தமையால். அப்பெயரை வழங்கியவர் தந்தை பெரியார். இப்படத்தில் சுப்பிரமணிய சிவாவாக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அவ்வை என்னும் அடைமொழி வந்தது, மேடையில் ஔவையாராக நடித்தமையால். வாழ்ந்து மறைந்தோரின் பெயரையே தம் பெயராகச் சுமந்த இருவர், ஒரு படத்தில் எதிரெதிரே நின்று வேறிருவரின் துயரத்தைச் சுமந்தனர். பெயரைப் பெற்றவர் கடனையும் பெற்றவராவர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

கயத்தாற்றில் தீர்த்த கடன்

கடன் என்று சொன்னேன். அதனை விளக்க, அதே நடிகரின் மற்றொரு படத்தைப் பார்ப்போம். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடறிந்தது. 1960இல் கெய்ரோ நகரில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது அது. ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் வரிவசூல் பற்றிப் பேசும் காட்சியை மனப்பாடமாகச் சொல்லாத தமிழ்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் இல்லை. பள்ளி விழாக்களில் அதுவே மாறுவேடப் போட்டி. சங்க விழாக்களில் அதுவே ஏகபாத்திர நடிப்பு.

ஆனால் அந்த வீரச் சொற்கள் சக்தி கிருஷ்ணசாமி என்னும் எழுத்தாளரின் பேனாவில் பிறந்தவை. 1798இல் இராமநாதபுரத்தில் ஜாக்சனைச் சந்தித்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் சொன்னவற்றின் பதிவு அன்று அது. நடிகரின் குரல் அத்துணை வலிமை பெற்றிருந்தமையால், எழுதிய சொல்லே வரலாறாக மக்கள் நெஞ்சில் பதிந்துவிட்டது. இங்குத்தான் ஆபத்து இருக்கின்றது. நடிகர் தோற்றால் ஒரு படம் தோற்கும், அவ்வளவே. நடிகர் மிக வென்றுவிட்டாலோ, அவருக்குப் பின்னால் நிற்கும் உண்மை மனிதர் மறைந்தே போய்விடக்கூடும். வெற்றி பெற்ற வேடம், தான் யாரைக் காட்ட வந்ததோ அவரை விழுங்கிவிடும்.

இதனைச் சிவாஜி எங்ஙனம் ஈடுசெய்தார்? சிறுவயதில் கட்டபொம்மன் கூத்தைக் கண்டதுதான் நடிப்பின்மேல் தமக்கு ஆசை பிறக்கக் காரணம் என்று அவர் கூறியதுண்டு. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, அவ்வீரனுக்கு 1970இல் சிலை எழுப்பினார். படம் வெளிவந்து பதினோர் ஆண்டுகள் கழிந்த பின்னர், கைதட்டலும் வசூலும் ஓய்ந்த பின்னர் செய்த செயல் இது. திரையில் என்னைக் கண்டீர்கள். அவர் உயிர் நீத்த இடம் இது, இங்கே வந்து அவரைக் காணுங்கள் என்று தம்மைத் தாண்டிக் கைகாட்டியது போன்றது அச்செயல். நடிப்பின் அர்ப்பணிப்பு எடைக்குறைப்பில் முடிவதில்லை; வேடம் கலைந்த பிறகும் அது தொடர்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உயிரோடிருப்பவரின் மறுப்பு

இதுகாறும் மறைந்தவர்களைப் பற்றிப் பேசினோம். வாழ்க்கைக்கு உரியவர் உயிரோடிருந்து, வேண்டாம் என்று சொன்னால் என் செய்வது? இக்கேள்வி நம் தலைநகரிலேயே நீதிமன்றப் படியேறியது.

பூலன் தேவியின் வாழ்க்கையை வைத்துச் சேகர் கபூர் இயக்கிய 'பேண்டிட் குயீன்' 1994இல் வெளிநாட்டில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பதினோர் ஆண்டுகள் சிறையிலிருந்த பூலன் தேவி விடுதலையானதும் அவ்வாண்டிலேதான். தம் இசைவின்றித் தமக்கு நேர்ந்த கொடுமையை ஊரறியக் காட்டுகின்றார்கள் என்று அவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் மானக்கேட்டை அவள் ஒப்புதல் இல்லாமல் மீண்டும் நடத்திக் காட்ட யாருக்கு உரிமை உண்டு என்று எழுத்தாளர் அருந்ததி ராய் அப்போதே கட்டுரை எழுதிக் கேட்டார். பின்னர்ப் பூலன் தேவி உடன்பாடு செய்துகொண்டு வழக்கைக் கைவிட்டார். 1996இல் படத்தைத் திரையிடலாம் என உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2001 ஜூலை 25இல் இதே டெல்லியில், தம் இல்லத்து வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படத்தில் பூலனாக நடித்தவர் தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற அசாமியப் பெண்மணி சீமா பிஸ்வாஸ். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அவர் தகுதியிலோ உழைப்பிலோ குறை சொல்ல நமக்கு இடமில்லை. எந்த நடிகையும் அஞ்சி ஒதுங்கும் காட்சிகளில் அவர் தம்மை முழுதாக ஈந்தார். படமும் ஓர் அநீதியை நாட்டின் கண்முன் நிறுத்தியது. ஆயினும் இங்கே ஓர் உண்மை வெளிப்படுகின்றது. நடிப்பவர் எத்துணை அர்ப்பணிப்போடு நடித்தாலும், இஃது என் வாழ்க்கை, நான் இசையவில்லை என்று உரியவர் சொன்ன அந்த ஒரு சொல்லை அந்த அர்ப்பணிப்பால் ஈடுசெய்ய முடியாது. அர்ப்பணிப்பு உயர்ந்த பண்புதான். ஆனால் தன்னந்தனியே நின்று அறமாகிவிடும் வலிமை அதற்கு இல்லை. சட்டம் ஒரு படத்தை அனுமதிக்கலாம். உரியவரின் மனவருத்தத்தைத் துடைக்கும் தீர்ப்பு எந்த நீதிமன்றத்திலும் எழுதப்படுவதில்லை.

அடைக்கலம் என்னும் அறம்

அவ்வாறாயின் எந்த அறத்தைக் கொண்டு இதனை அளப்பது? நம் இலக்கியத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கின்றது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கின்றார். சிலப்பதிகாரத்தில் அப்பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். கண்ணகி மாதரியின் மகளல்லள், உறவுமல்லள். ஆயினும் அடைக்கலமாக ஏற்ற அந்நொடி முதல் மாதரியின் உயிரினும் மேலான பொருளானாள். கோவலன் கொலையுண்டு, அடைக்கலம் காக்க இயலாது போயிற்று என்றறிந்த மாதரி, நள்ளிரவில் தீப்புகுந்து உயிர் நீத்தாள் என்று காப்பியம் பின்னர்க் கூறுகின்றது. அவள் செய்த தவறு ஒன்றுமில்லை. எனினும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது தன் பொறுப்பே என்று அவள் கருதினாள்.

உண்மையில் வாழ்ந்தவரின் வாழ்க்கை நடிகரின் கையில் அடைக்கலப் பொருள். இஃதே இக்கட்டுரை கூற விரும்பும் கருத்து. அடைக்கலப் பொருள் நம்முடையது அன்று. ஆதலின் நம் விருப்பப்படி செலவழிக்கலாகாது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவும் ஆகாது. உரியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பித்தல் வேண்டும். அதனால் நமக்குப் புகழ் வருமாயின், அப்புகழில் உரியவருக்கும் பங்குண்டு.

அலுவலக வாழ்க்கையில் பழகியோர் இதனை வேறொரு வகையாலும் உணரலாம். ஒரு சான்றிதழின் நகலில் ஒருவர் ஒப்பமிடும்போது, அந்த நகலே மூலம் என்று அவர் சொல்லவில்லை. மூலத்தைக் கண்டேன், இது அதற்கு மாறுபடவில்லை, இதற்கு நான் பொறுப்பு என்று சொல்கின்றார். மூலத்தைக் காணாமலே ஒப்பமிடுவது குற்றம். நகலை மூலம் என்று கொடுப்பதும் குற்றம். நடிகரின் நடிப்பும் இத்தகைய ஓர் ஒப்பமே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். அடைக்கலம் என்றால் காப்பாற்றுதல். காப்பாற்றுதல் என்றால் குறைகளை மறைத்தல். அங்ஙனமாயின் நடிகர் துதிபாடியாகிவிட மாட்டாரா? உரியவரும் உறவினரும் விரும்பியதை மட்டுமே காட்டுவது கலையாகுமா? இம்மறுப்பு வலிமையுடையது. விடை சொல்லாமல் கடந்துபோதல் முறையன்று.

அடைக்கலம் காத்தல் வேறு, அலங்காரம் செய்தல் வேறு. 'காந்தி' படத்தை எடுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்ற ரிச்சர்ட் அட்டன்பரோ, தம்மிடம் நேரு பெருமகனார் ஓர் அறிவுரை கூறியதாகச் சொல்வதுண்டு: அடிகளைத் தெய்வமாக்கிவிட வேண்டாம் என்பதே அது. அடிகளை அணுகியிருந்து அறிந்த ஒருவரே இதைச் சொன்னார். தெய்வமாக்கினால் அம்மனிதர் பட்ட பாடெல்லாம் பொய்யாகிவிடும். தவறி, திருந்தி, மீண்டும் நடந்த பெருமை காணாமற் போகும். மனைவி கஸ்தூர்பாவிடம் அவர் சினந்து வன்மை காட்டிய நிகழ்ச்சி அப்படத்தில் இடம்பெற்றுள்ளது. காந்தியடிகளே தம் வரலாற்றில் மறைக்காது எழுதிய குறை அது. அதை மறைத்திருந்தால்தான் அடைக்கலத்துக்குக் கேடு நேர்ந்திருக்கும்.

லமோட்டாவின் கதையும் இதனையே வலியுறுத்தும். மனைவியை அடித்து, உடன்பிறந்தானை ஐயுற்று, அனைவரையும் இழந்த மனிதராக டி நீரோ அவரைக் காட்டினார். ஆயினும் தம் குற்றங்களைத் தம் நூலில் தாமே எழுதியவர் லமோட்டா. நடிகரைத் தம் கையால் பயிற்றுவித்தவரும் அவரே. திரையில் கண்டது கசந்தது; ஆனால் திருடப்பட்டதன்று. ஆகவே வேறுபாடு புகழுக்கும் இகழுக்கும் இடையே இல்லை. உரியவர் திறந்துவைத்த கதவின் வழியே உண்மையைக் காணச் செல்வதற்கும், பூட்டிய கதவை உடைத்துக்கொண்டு செல்வதற்கும் இடையே உள்ளது.

மறைந்தவர் கதவைத் திறக்கவும் மாட்டார், பூட்டவும் மாட்டார். அவர் திறத்தில் நடிகரின் மனச்சான்று ஒன்றே காவல். ஊரை அடித்து உலையில் போட்ட ஒருவரின் பொய்யை வெளிப்படுத்த வேண்டுமாயின் அவரது இசைவை யார் கேட்பார்? கேட்க வேண்டியதும் இல்லை. அங்கே அடைக்கலமாவது அவரால் துன்புற்றோரின் உண்மை. யாருடைய வலி திரைக்கு வருகின்றதோ அவரே அடைக்கலத்துக்கு உரியவர் என்று கொண்டால் இச்சிக்கல் பெரிதும் தெளியும்.

பார்ப்பவர் பங்கு

நடிகருக்கு மட்டும் அறம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. 'கப்பலோட்டிய தமிழன்' திரைக்கு வந்தபோது மக்கள் அதனைப் பெருக ஆதரிக்கவில்லை. தயாரித்தவருக்கு இழப்பே மிஞ்சியது. ஊருக்காகச் சொத்திழந்தவரை ஊர் மறந்ததைச் சொன்ன படத்தையும் ஊர் மறந்தது! நடிகர் அடைக்கலப் பொருளைக் காத்துக் கொண்டுவந்து வாயிலில் நின்றார். வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் வேறு வேலையாய் இருந்தார்கள். பிற்காலத்தில் அதே படத்தை நாம் போற்றினோம். காலம் தாழ்ந்து போற்றுவது நமக்குப் பழகிப்போன வழக்கம்.

எனினும் எல்லாரும் மறந்தவர் அல்லர். சிதம்பரனார் சிறையினின்று மீண்டு வறுமையில் வாடியபோது, கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்கெனப் பொருள் திரட்டினர். அத்தொகை காந்தியடிகள் வாயிலாக, நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின், 1916இல் ரூ.347, அணா 12 என்ற கணக்கில் அவர் கைக்கு வந்தது. அணாவும் பிசகாத கணக்கு அது. பிறந்த ஊரில் பலர் மறந்திருந்த நாளில், பிழைக்கப் போன ஊரிலிருந்து நினைத்தவர்கள் அவர்கள். திரைப்படம் இல்லை, நடிகர் இல்லை, அவர் முகத்தை அவர்களுள் பெரும்பாலோர் கண்டிருக்கவும் மாட்டார்கள். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அவர்கள் முன்னோர் முறையினர்.

1981 ஜனவரி 31இல் தலைநகரின் ராஜபாதையில், 2022 முதல் கர்த்தவ்ய பத் எனப் பெயர் பெற்றுள்ள அதே சாலையில், காந்தியடிகளின் இறுதி ஊர்வலக் காட்சி படமாக்கப்பட்டது. 1948இல் உண்மையான ஊர்வலம் நடந்த அதே நாள். மூன்று இலட்சம் பேர் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாது தாமாக வந்தவர்கள். திரையில் அக்காட்சி ஓடுவது சில நிமிடங்களே. அந்த மக்கள் ஆங்கில நடிகரைக் காண மட்டும் வந்தவர்கள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவருக்கு மீண்டும் ஒருமுறை வழியனுப்பு விழா நிகழ்ந்ததாகவே கருதத் தோன்றுகின்றது. வேடத்தைக் கடந்து உரியவரைக் காணும் கண் மக்களுக்கு இல்லாமற் போகவில்லை.

அக்கண்ணை நம் பிள்ளைகளுக்கும் நாம் தருதல் வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் கல்வி கற்று, விடுமுறைக்கு மட்டும் தமிழகம் செல்லும் அவர்களுக்குத் திரைப்படமே நம் முன்னோரிடம் செல்லும் முதல் வாயிலாக அமைந்துவிடுகின்றது. அதில் தவறில்லை. வாயிலிலேயே நின்றுவிடுவதுதான் தவறு. கட்டபொம்மன் வசனத்தை மழலையில் பிள்ளை ஒப்பிக்கும்போது மகிழ்வோம். பின்னர், இச்சொற்களை எழுதியவர் ஒருவர், பேசியவர் ஒருவர், தூக்குக் கயிற்றை ஏற்றவர் ஒருவர் என்று மூவரையும் பிரித்துக் காட்டுவோம். வ.உ.சி.யாகச் சிவாஜி அழுவதைக் கண்டு நாமும் அழுதபின், அவர் பிள்ளைக்கு ஏன் வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் என்னும் கதையையும் சொல்வோம்.

அரங்கில் கூத்துக் காணக் கூடிய கூட்டம் கூத்து முடிந்ததும் கலைந்துபோவதைச் செல்வத்தின் நிலையாமைக்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். விளக்கணைந்து கூட்டம் கலைந்த பின் நடிகர் தம் முகப்பூச்சைக் கழுவிவிட்டு வீடு திரும்புகின்றார், நாமும் திரும்புகின்றோம். ஆனால் அவர் இரவல் வாங்கிய வாழ்க்கை எங்கே போகின்றது? அடைக்கலப் பொருள் கைம்மாறி நம்மிடம் வந்துவிட்டது என்பதே விடை. நடிகர் அதனைக் கறையின்றிக் கொண்டுவந்து சேர்த்தாரெனில் அவர் அர்ப்பணிப்பு நிறைவுற்றது. அதற்குமேல் அதனைக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் பொறுப்பாகும்.